நீரூற்றில் இறங்காதீர்

தளவாய்ப்பட்டறைக்கு ஆறு ஒன்று இருந்தது, அதில் மணல் இருந்தது, பிறகு மணலும் லாரியேறிப் போய்விட்டது. குழாய் இருந்தது, அதில் வாரத்துக்கொரு தரம் காற்றும் துருவும் சீறிவிட்டுக் கடைசியில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. ஆனால் நெடுஞ்சாலையை ஒட்டி, ஊர் முகப்பில், சண்டையில் செத்துப்போன சிப்பாய்களுக்கென்று கட்டிய நினைவிடத்தில் மட்டும் நீரூற்று ஓயாமல் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கொருவன் பட்டாளத்துக்குப் போகிற ஊர் என்பதால் செத்தவர்களுக்கும் பஞ்சமில்லை. கறுப்புக் கல்லில் ஒரு சுவர், சுவர் நிறைய உளியால் வெட்டிய பெயர்கள், பெயர்களின் காலடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு தொட்டி, தொட்டி நடுவிலிருந்து எழும்பி விழும் தண்ணீர். உயிரோடிருந்தவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓட, செத்தவர்களுக்கு முன்னால் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாத விஷயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் தொட்டார்கள். திருப்பதிக்குப் போகிற வேன்களும் பெங்களூர் போகிற பஸ்களும் அங்கே நிற்கும். வெயிலில் வெந்து வந்தவர்கள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டு, பெயர்களுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இது சரியா தப்பா என்று ஊரில் பல வருஷமாக வாதம் நடந்துகொண்டிருந்தது. "செத்தவங்களுக்கு வச்ச தண்ணி, அதுல வந்து காலக் கழுவுறானுங்களே," என்றார்கள் ஒரு பக்கத்தார். "பச்சப்புள்ளைங்க வெயில்ல துடிக்குது, இதுல இன்னா குத்தம் கீது," என்றார்கள் இன்னொரு பக்கத்தார்.

இறங்கக்கூடாது என்ற கட்சிக்குத் தலைமை அம்சவேணி. அந்தச் சுவரில் இருக்கும் லான்ஸ் நாயக் தணிகாசலம் அவள் புருஷன். வடக்கே பனிமலையில் சண்டை நடந்தபோது அவன் போய்ச் சேர்ந்தான், அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. ஆணியடித்த பெட்டியில் வந்தான். திறக்கக்கூடாது என்றார்கள், அவள் திறக்கவில்லை. பெட்டிக்கு மேல் கொடி போர்த்தினார்கள், துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வீரலட்சுமி என்று பெயர் வைக்கும்படி வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர் சொன்னார், ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, பிறந்ததும் பெண்ணாகத்தான் பிறந்தது. அன்றிலிருந்து அம்சவேணி பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை, தினமும் ஒரு வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு நினைவிடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். யாராவது தண்ணீரில் காலை விட்டால் எழுந்து ஓடுவாள். "உங்க வீட்டுச் சாவுல போய் ஆடுங்கடி! வெளிய வாங்க! அது என் புருஷன் தலைமேல கால் வைக்கிற மாதிரி!" என்று கத்துவாள். வந்தவர்கள் பயந்து பாதி, பரிதாபப்பட்டுப் பாதி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேனேறுவார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் 'நீரூற்றில் இறங்காதீர்' என்று ஒரு போர்டும் வைக்கச் செய்தாள்.

அந்த வருஷக் கோடையில் போர்டை வெயில் தின்றுவிட்டது. பெயின்ட் உரிந்து 'நீரூற்றில் இறங்கா' என்பதோடு நின்றுபோனது. அம்சவேணி மகளின் கல்யாண விஷயமாகக் குடியாத்தம் போயிருந்த ஒரு மத்தியானம், ஏதோ பள்ளிக்கூடத்துச் சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்று, பஸ் நிறையப் பிள்ளைகள் தொட்டியில் குதித்து, தண்ணீரை வாரி வாரிச் சுவரில் அடித்து, ஒரே இடத்தில் கூடி ஆசை தீர ஆடிவிட்டுப் போனார்கள். அதுவரை யாரும் ஒரே பெயருக்குக் கீழே அத்தனை நேரம் ஆடியதில்லை, அம்சவேணி விட்டதில்லை. அவர்கள் போன பிறகு சுவரில் சிப்பாய் குணசீலன் என்ற பெயர் இல்லை. கொத்தின தடம்கூட இல்லை. கல் வழவழவென்று, பிறந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.

குணசீலன் நெடுஞ்சாலை வழியாக நடந்து வந்தான். பனியில் போடுகிற பெரிய பூட்ஸ் போட்டிருந்தான், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேராக டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். டீ மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்குச் சக்கர கம்மி, இல்ல?" என்று கேட்டார். "ஆமாண்ணே," என்றான் குணசீலன். அவ்வளவுதான், அவன் திரும்பி வந்துவிட்டான் என்பது ஊருக்கு நிச்சயமாகிவிட்டது.

ஆனால் அவனுக்குப் போக இடம் இல்லை. அவனைப் பெற்றவள் எப்போதோ போய்விட்டாள், வீட்டை யாரோ வாங்கி மாடி கட்டியிருந்தார்கள். ரேஷன் கடை வாசலில் படுத்துக்கொண்டான். ஊர் அவனுக்கு முறை வைத்துச் சோறு போட்டது. முதலில் ஆட்டுக்கறிக் குழம்பு போட்டது, பிறகு கத்தரிக்காய்க் குழம்பு போட்டது, பிறகு மீந்துபோன ரசம் ஊற்றியது. சண்டையில் செத்தவன் என்றால் வருஷத்துக்கு ஒரு மாலை போட்டால் போதும், சண்டையிலிருந்து வந்தவனுக்கு மூன்று வேளையும் பசிக்கிறதே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் சுபேதார் எத்திராஜ் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவர் ஒழுங்கு பார்க்கிற மனுஷன். சுதந்திர தினத்துக்கு அதிகாரிகள் வருகிறபோது சுவரில் ஓர் இடம் மொட்டையாக இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. கன்னியப்ப ஆசாரியைக் கூட்டிவந்து, தொட்டியின் குறுக்கே பலகை போட்டு உட்காரவைத்து, பெயரைத் திரும்ப வெட்டச் சொன்னார். ஆசாரி கடைசி எழுத்தை வெட்டி முடித்த நேரத்தில் குணசீலன் பஸ் ஸ்டாண்டு கடையில் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்த துண்டு இலையில் விழுந்தது. அவன் இல்லை. கடைக்காரர் சிறிது நேரம் காத்திருந்து பார்த்தார், பிறகு இலையை எடுத்துப் போட்டுவிட்டு மேஜையைத் துடைத்து, நின்றுகொண்டிருந்த அடுத்த ஆளுக்கு இலை போட்டார்.

இப்படித்தான் தண்ணீரின் சட்டம் ஊருக்குத் தெரிந்தது. எந்தப் பெயருக்குக் கீழே மனுஷக் கால் தண்ணீரை அலசுகிறதோ அந்தப் பெயர் எழுத்து எழுத்தாகக் கரையும், முழுக்கக் கரைந்தால் ஆள் வீடு வருவான், திரும்ப வெட்டினால் திரும்பப் போவான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற கேள்விகளுக்கே ஊருக்கு நேரம் போதவில்லை. மறுகல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளை பெற்றவள் ஒருத்தி, தன் பழைய புருஷன் பெயருக்குக் கீழே யாரையும் இறங்கவிடாமல் தம்பிமாரைக் காவல் வைத்தாள். மகன் பெயரில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வாங்கிய ஒரு தகப்பன், "வந்தான்னா கட்டடத்த இடிச்சிருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். இறங்கலாம் என்று வாதாடியவர்கள் இறங்கக்கூடாது என்றார்கள், இறங்கக்கூடாது என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்சவேணி வேப்பங்குச்சியை அடுப்பில் வைத்தாள். மறுநாள் காலையிலேயே நினைவிடத்துக்குப் போய், தணிகாசலம் என்று வெட்டியிருந்த இடத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, வந்து நின்ற முதல் வேனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"வாங்கம்மா, எறங்குங்க. தண்ணி ஜில்லுன்னு கீது."

கைக்குழந்தையோடு இறங்கிய பெண் தயங்கினாள். "எறங்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்களே?"

"அந்தப் போர்ட எழுதச் சொன்னதே நான்தான். நான் சொல்றேன், எறங்கும்மா. இப்படி இந்தப் பக்கமா வந்து நில்லு. கொழந்தயோட காலையும் கொஞ்சம் நனை. நல்லா ஆடட்டும்."

தான் மட்டும் இறங்கவில்லை. எத்தனையோ பேரை இழுத்து உள்ளே விட்டவளுக்குத் தன் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அத்தனை வருஷம் தன் வாயால் கத்தியது தன் காலையே பிடித்து நிறுத்தியது. ஆகவே பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து உள்ளேயே நிற்கவைத்தாள், கல்லூரிப் பையன்களிடம் கையெடுத்துக் கும்பிட்டாள், கால் வலிக்கிறது என்று சொன்ன கிழவர் ஒருவரின் செருப்பைத் தன் கையாலேயே கழற்றி அவரை இறக்கிவிட்டாள். த போயிற்று. ணி போயிற்று. காவல் நின்ற ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவளை அதட்ட ஒருத்தருக்கும் நா எழவில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

அவன் வந்தபோது அவள் கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. தோளில் பனி இருந்தது, அது வேலூர் ஜில்லா வெயிலில் உருகி ஓடிக்கொண்டிருந்தது. மீசை அப்படியே இருந்தது. இருபத்தாறு வயசும் அப்படியே இருந்தது.

"அத்தே," என்றான் தணிகாசலம், அவளை அவள் அம்மா என்று நினைத்து. "அம்சா எங்க கீறா? தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

அவள் மாவுக் கையோடு எழுந்து நின்றாள். ஒரு கணம், ஆமாம், அவள் உள்ளே இருக்கிறாள் என்று சொல்லி, உள்ளே போய்த் தேடிப் பார்த்தால்தான் என்ன என்றிருந்தது.

"உள்ள வாங்க," என்றாள். "சொல்றேன்."

சொன்னாள். அவன் சொம்பிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் அவள் நரைத்த தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னை விட்டுட்டு இவ்ளோ தூரம் போயிட்டியா?" என்றான். அதற்குத்தான் அவள் அழுதாள்.

சாயங்காலம் வீரலட்சுமி தாலுகா ஆபீஸ் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தாள். அந்த வேலை அப்பா செத்ததற்காகக் கிடைத்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் கூடத்துச் சுவரில் சந்தன மாலைக்குள் இருக்கும் போட்டோ. பரீட்சைக்குப் போகும்போது அவரிடம்தான் சொல்லிக்கொண்டு போவாள், சண்டை போட்டால் அவரிடம்தான் கோள் சொல்லுவாள், அவர் எதற்கும் மறுபேச்சுப் பேசியதில்லை. இப்போது அந்தப் போட்டோவுக்குக் கீழே, அவளைவிட ஒரு வயசு சின்னவனாக ஒருத்தன் உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழைய சோறு தின்றுகொண்டிருந்தான். "வாங்க," என்றாள் வீரலட்சுமி. கைப்பையோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் முதலில் சந்தோஷப்பட்டது. அது பொய்யில்லை. தணிகாசலத்தின் தம்பி ஏழுமலை, தலை முழுக்கச் சொட்டையாகி வயிறும் தள்ளிப்போன மனுஷன், இளந்தாரியாக நின்ற அண்ணனைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று சின்னப்பிள்ளைபோல் தேம்பினான். மேளம் வைத்தார்கள். ஆனால் அம்சவேணி மறுநாள் குளித்து, குங்குமம் வைத்து, தலைகொள்ளாமல் மல்லிகைப்பூ வைத்துத் தெருவில் நடந்தபோது மேளம் நின்றுவிட்டது. புருஷன் உயிரோடிருப்பவள் பூ வைப்பதில் தப்பில்லை என்று வாய் சொன்னது, கண் வேறு சொன்னது. அவளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தவன் மகன் மாதிரி இருந்தான். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "செத்தவன் பொண்டாட்டி நிமிந்து நடந்தா அதுல ஒரு அழகு இருந்துச்சு," என்றாள் ஒருத்தி. "இப்ப பாரு."

ஆபீஸில் கேட்டால், உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் வேண்டும், செத்தவருக்கு அதைக் கொடுக்க விதியில்லை என்றார்கள். அவனுக்கு சிம் கார்டு கிடைக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. ஏழுமலையின் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற வேலையாவது செய்கிறேன் என்று போனான். அந்தப் பங்கே அவன் செத்ததற்காகக் குடும்பத்துக்குக் கிடைத்தது. வாசலில் அவன் படம் ஆளுயரத்துக்கு நின்றது. வண்டிக்குக் காற்றடிக்க வந்தவர்கள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காற்றடிக்காமல் போனார்கள். ஏழுமலை அவனை ஓரமாகக் கூட்டிப்போய், "வீட்லயே இருண்ணா, உனக்கு இன்னா கொற வச்சேன்?" என்றான்.

இதையும் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். பொறுக்க முடியாதது பள்ளிக்கூடத்தில் நடந்தது. வருஷா வருஷம் அங்கே பேச்சுப்போட்டி. தலைப்பு எப்போதும் தணிகாசலத்தின் வீரம். குண்டு பாய்ந்த நெஞ்சோடு கொடியைத் தூக்கிக்கொண்டு மலையுச்சி ஏறினார் என்று பிள்ளைகள் தொண்டை கிழியப் பேசுவார்கள். அந்த வருஷம் ஆளே இருக்கிறாரே என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் எல்லாப் பிள்ளைகளும் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு மைக்கைப் பிடித்தான்.

"நல்லாப் பேசுனீங்க கண்ணுங்களா. ஆனா நான் உச்சிக்கெல்லாம் போகல. மண்ணெண்ணெய் டின் தூக்கினு போனேன். பனி சரிஞ்சுது. கொஞ்ச நேரம் குளுந்துச்சு, அப்புறம் தூக்கம் வந்துச்சு. அவ்ளோதான். என்னைத் தேடிக்கினு யாராச்சும் வருவாங்கன்னு பாத்தேன், யாரும்…"

தலைமையாசிரியர் மைக்கை அணைத்தார். பிள்ளைகள் கை தட்டலாமா என்று டீச்சரைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சுபேதார் எத்திராஜ் நினைவிடத்தில் கூட்டம் போட்டார். வெயில் தாழ எல்லோரும் வந்தார்கள். சுற்றி இரும்பு வேலி போடுவது, இனிமேல் ஒருத்தரையும் தண்ணீரில் விடுவதில்லை, போன பெயரைத் திரும்ப வெட்டுவது என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். அவர் குரலில் விரோதம் எதுவும் இல்லை. தணிகாசலம் கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தான்.

"போன தடவ யாரும் என்னைக் கேக்கல, சார்," என்றான். "இந்தத் தடவயாச்சும் கேக்குறீங்களா?"

"கேக்கல தம்பி," என்றார் எத்திராஜ். "சொல்றோம். நீ படிச்ச புள்ள, புரிஞ்சுக்கோ. இந்த ஊரு உன்னை நம்பி நிக்குது. எத்தினி பசங்க உன் பேரச் சொல்லிப் பட்டாளத்துக்குப் போனானுங்க தெரியுமா? அதுல எத்தினி பேரு இந்தச் சுவத்துல கீறானுங்க தெரியுமா? நீ மண்ணெண்ணெய் தூக்கினேன்னு சொன்னா, அவங்க அம்மாக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க."

"அதக் கேக்க ஒரு அம்மாவும் இங்க இல்ல," என்றார் எத்திராஜ். சுற்றி நின்ற அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்சவேணி கொழுந்தனைத் தேடினாள். "நீ சொல்லு ஏழுமலை. உங்கூடப் பொறந்தவர்தானே?"

ஏழுமலை தரையைப் பார்த்தான். "அண்ணன் செத்ததுலதான் அண்ணி நம்ம வீடு நின்னுது," என்றான். "நீயும் அதுலதான் சாப்ட்ட. நான் பொய் சொல்றனா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவள் மகளைப் பார்த்தாள். வீரலட்சுமிக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள்தான் ஆள் அனுப்பி, வீரரின் மகள் என்றுதானே பேசினோம், இப்போது வீட்டில் ஒரு இளவட்டம் இருக்கிறாராமே, அவர் யார் என்று கேட்டிருந்தார்கள். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. அதைவிடக் கெட்டதைச் சொன்னாள்.

"எனக்கு ஒரு அப்பா இருந்தாரும்மா," என்றாள். "எது சொன்னாலும் கேட்டுக்கினு இருந்தாரு. இவரு வந்ததுல இருந்து அவரு இல்ல. அந்த போட்டோவப் பாத்து இப்ப என்னால ஒரு வார்த்த பேச முடியல. எனக்கு அவரக் குடு."

தணிகாசலம் அவளைப் பார்த்தான். இத்தனை நாளில் மகள் அவன் காதுபட இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் கன்னியப்ப ஆசாரி பலகை போட்டு உட்கார்ந்தார். பேண்டு வாத்தியம் வந்திருந்தது, மாலைகள் வந்திருந்தன, மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் த என்ற எழுத்தை வெட்டி, ஊதித் தூசியைப் போக்கி, ணி என்ற எழுத்துக்கு உளியை வைத்தபோது, அம்சவேணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் இறங்கினாள்.

கூட்டம் ஐயோ என்றது. அத்தனை வருஷம் ஊரையே விரட்டியவள், பெயருக்கு நேர் கீழே போய் நின்று, காலால் தண்ணீரை அலசினாள். வெட்டின த கரைந்தது. ஆசாரி திரும்ப வெட்டினார், திரும்பக் கரைந்தது. பாதி ணி வரைக்கும் போவார், அவள் ஒரு எட்டு வைப்பாள், கல் வழவழவென்று ஆகிவிடும். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர், "சண்டையில செத்தவரோட சம்சாரத்த நான் எப்படி சார் கையப் புடிச்சு இழுக்கறது?" என்றார். "சாகாதவரோட சம்சாரமா இருந்தா இழுக்கலாம்," என்று யாரோ சொன்னார்கள். அவர் செத்தவரா சாகாதவரா என்று அங்கேயே ஒரு வாதம் ஆரம்பித்தது. அதிலிருந்து, பெண்டாட்டி இறங்கினால் அது அவமரியாதையா, வேற்றாள் இறங்கினால்தான் அவமரியாதையா, காலைக் கழுவிவிட்டு இறங்கினால் பரவாயில்லையா என்று பழைய வாதங்களெல்லாம் புதுசாக எழுந்து வந்தன. வெயில் ஏறியது. பேண்டுக்காரர்கள் நிழலுக்குப் போனார்கள். கரும்புச்சாறு வண்டி ஒன்று வந்து நின்றது, வியாபாரம் நன்றாக நடந்தது.

அவள் நின்றாள். பொழுது போயிற்று, விடிந்தது, இன்னும் நின்றாள். உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று உட்காரவில்லை, கண் அசந்தால் கால் நின்றுவிடும் என்று கண்ணை மூடவில்லை. வீரலட்சுமி சாப்பாடு கொண்டுவந்து தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, "வாம்மா, வெளிய வாம்மா" என்று அழுதாள். அவள் மகளைத் திட்டவில்லை. டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். கணுக்கால் வீங்கி, பாதம் வெளுத்து, விரலுக்கு நடுவில் தோல் ஊறிக் கிழிந்து, தண்ணீரில் இழை இழையாக ரத்தம் ஓடியது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனாலும் அங்கேயே நின்றார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் தணிகாசலம் வந்தான். தம்பியின் பழைய சட்டை தொளதொளவென்று தொங்கியது. விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அங்க," என்றான். "மொதல்ல வலிக்கும். வலி நின்னுட்டா அப்புறம் கால் உனுது இல்ல. போதும், வெளிய வா."

"வந்தா நீங்க போயிருவீங்க."

"இங்கயே நின்னா நீ போயிருவ."

"போனாப் போறேன். நீங்க இருங்க. உங்களுக்கு வயசு இருக்குது."

"யாரோட இருக்கறது, அம்சா?" என்றான் அவன். சுற்றிப் பார்த்தான். சுபேதார், தம்பி, மகள், கையில் கரும்புச்சாறு தம்ளரோடு நின்ற ஊர். "இங்க என்னைத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் ஒரு கையை அவள் முதுகுக்கும் ஒரு கையை அவள் முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, அப்படியே குழந்தையைத் தூக்குவதுபோலத் தண்ணீரிலிருந்து தூக்கினான். அவள் திமிறினாள், அவன் மார்பில் குத்தினாள், "விடுங்க, விடுங்க, கால் நின்னுப்போச்சுன்னா வெட்டிருவானுங்க" என்று அலறினாள். அவன் விடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்து வீட்டுத் தெருவுக்குள் நடந்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சிலர் கும்பிட்டார்கள். எத்திராஜ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

முதுகுக்குப் பின்னால் உளிச் சத்தம் கேட்டது.

அம்சவேணி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் வேகமாக நடந்ததில் மூச்சு இரைத்தது. கொஞ்ச தூரத்தில் இரைப்பது நின்றது. அவன் மேலிருந்து வியர்வை வாசனை அடித்தது. பால் பூத் தாண்டும்போது அது அடிக்கவில்லை. "வீடு வந்துருச்சா?" என்று கேட்டாள், "இதோ" என்றான், குரல் எங்கோ மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் கன்னத்தை அவன் கழுத்தில் அழுத்திப் பார்த்தாள், சூடு இல்லை. குளிரும் இல்லை. அவளைத் தாங்கிய கைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. கீழே போட்டுவிடுவானோ என்று அவள் ஒரு கணம் பயந்தாள், ஆனால் அவன் போடவில்லை, கடைசிவரைக்கும் பார்த்துப் பார்த்து, பாதம் தரையில் படுகிறவரைக்கும் பத்திரமாக இறக்கிவிட்டான். அவள் தெரு நடுவில் தனியாக நின்றிருந்தாள். கை இரண்டும் யாரையோ கட்டிக்கொண்டிருப்பதுபோல் மேலே வளைந்தபடி இருந்தன.

நினைவிடத்துப் பக்கம் பேண்டு வாத்தியம் எழும்பியது. ஊர் கை தட்டியது.

பின்னாலிருந்து வீரலட்சுமி ஓடிவந்தாள். ஒரு ஜோடி செருப்பை அம்மாவின் வீங்கின கால்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்படியே குனிந்திருந்தாள்.

அம்சவேணி கைகளைக் கீழே விட்டாள்.

"முழுப் பேரும் வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வெட்டிட்டாங்கம்மா."

"தப்பில்லாம வெட்டியிருக்காங்களா?"

"தப்பில்லாம."

அம்சவேணி செருப்பில் காலை நுழைக்கப் பார்த்தாள். வீங்கின கால் உள்ளே போகவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.